காலியாகத் திரும்பிய கிளாஸ்கள்

அந்த உணவகத்தில் இன்றைக்கும் தட்டும் கிளாஸும் ஒரே ட்ரேயில்தான் கழுவுமிடத்துக்கு வரும். ஒரு மேஜையின் தட்டுகள், அதே மேஜையின் கிளாஸ்கள், கூடவே மேஜை எண் பொறித்த பித்தளை வில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். தட்டைத் தனியாக அடுக்கினால் ஒரு நடை மிச்சமாகுமே என்பார்கள். "கிளாஸ் அக்கா போட்ட சட்டம். பேசாம தூக்கிட்டு வா" என்பார் மாஸ்டர். சட்டம் போட்டவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய துணி தொங்கிய ஆணியில் இன்னும் யாரும் வேறு எதையும் மாட்டவில்லை.

பத்தொன்பது வருடம் அவள் அங்கே கிளாஸ் துடைத்தாள். வைன் கிளாஸைத் துடைப்பது சும்மா இல்லை. வெந்நீரில் கழுவி, ஆவியில் ஒரு கணம் காட்டி, நூல் பிரியாத பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். அடியை ஒரு கையிலும் கிண்ணத்தை மறு கையிலும் பிடித்துத் திருகினால் தண்டு மளுக்கென்று முறிந்துவிடும். சேர்ந்த முதல் மாதம் பதினொரு கிளாஸ் முறித்தாள். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடத்தில் நான்கு. அதிலும் இரண்டு, கேப்டன் பின்னால் வந்து திடீரென்று தும்மியதால் என்று கடைசிவரை சாதித்தாள்.

கேப்டன் என்றால் கப்பலோட்டுகிறவர் இல்லை. பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவர். வாரிய தலை, இஸ்திரி குலையாத சட்டை, வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய். விருந்தாளியிடம் குனிந்து பேசும்போது மூச்சு மணக்க வேண்டுமாம். அவருக்கு நாற்பது வயது, அவளுக்கு ஐம்பத்தொன்று. "அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஆனால் கழுவுமிடத்து வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவர் செருப்பு பட்டதில்லை.

கிளாஸைத் தண்ணீரில் விடுவதற்கு முன் அவள் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். அது வேலைக்காக வந்த பழக்கம்தான். உதட்டுச் சாயமா, எண்ணெயா, முட்டையா என்று தெரிந்தால்தான் எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியும். நாளாக ஆக, மூக்கு அதோடு நிற்கவில்லை. அடியில் தங்கிய ஒரு சொட்டு வைனில் அவளுக்கு ஈர மண்ணும், நசுங்கிய பழமும், தோல் செருப்பும், புதுப் பென்சிலும் தெரிய ஆரம்பித்தன. ஆனால் குடித்ததில்லை. அவள் வீட்டில் யாரும் குடிக்கிற வழக்கம் இல்லை.

"மூக்கால குடிக்கறவள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்பார் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கை பட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் ஆறு வருடமாக இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றபடி இருந்தது. சாவி வீட்டுக்காரரிடம் இருந்தது, வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வரும்போதெல்லாம் அவள் அவரைப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. அவர் உடனே சுவரைப் பார்த்துக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் முதலாளி நாற்பது பெட்டி சிவப்பு வைனை வாங்கி வந்து இறக்கினார். கடையைக் கட்டிக்கொண்டு போன ஓர் இறக்குமதிக்காரர் மலிவாகக் கொடுத்தாராம். பெட்டியைத் திறந்து பார்த்த கேப்டன் முகம் சுருங்கிவிட்டது. வழக்கமாக விற்கிற பெயர் ஒன்றுகூட இல்லை. கிரேக்க நாட்டிலிருந்து சினோமாவ்ரோ. போர்ச்சுகலிலிருந்து பாகா. ஹங்கேரியிலிருந்து காதர்க்கா. இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவிலிருந்து ஃப்ரப்பாத்தோ.

"பேரச் சொல்றதுக்கே ஒரு வாய் தண்ணி குடிக்கணும். இத எவன் கேட்டு வாங்குவான் முதலாளி?"

"கேட்டா வாங்கறான்? நீ சொல்லு, வாங்குவான். அதுக்குத்தான் உன்ன வச்சிருக்கேன்."

கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். 'இன்றைய சிவப்பு' என்று பலகையில் எழுதிவிட்டு, நான்கில் எது கைக்கு வந்ததோ அதைத் திறந்து, யார் எதைச் சாப்பிட்டாலும் கூடவே ஊற்றினார். அந்த உணவகத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது தீயில் சுட்ட மீன். ஆகவே பெரும்பாலும் மீனோடுதான் போயிற்று. மூன்றாம் நாளே ஒரு விருந்தாளி சினோமாவ்ரோ கிளாஸைத் தள்ளி வைத்து, "ஆணிய நக்கின மாதிரி இருக்கு" என்று எழுந்து போனார். அந்த வாரக் கடைசியில் கேப்டன் தீர்ப்பு எழுதிவிட்டார்: நாற்பது பெட்டியும் குப்பை.

கழுவுமிடத்தில் நின்றவளுக்கு வேறு ஒன்று தெரிந்தது. மீன் முள்ளோடு வந்த ட்ரேயில் சினோமாவ்ரோ கிளாஸ் நிரம்பியே வந்தது, சரி. ஆனால் அதே நாள், அதே புட்டி, நான்காம் மேஜையிலிருந்து கிளாஸ் வழித்துத் துடைத்தாற்போல வந்தது. தட்டைப் பார்த்தாள். கத்தரிக்காயும் தக்காளியும் அடுக்கி மேலே சீஸ் போட்டுச் சுட்ட தட்டு. அதுவும் ரொட்டியால் வழித்திருந்தது.

அன்றுதான் சட்டம் பிறந்தது. "தட்டையும் கிளாஸையும் பிரிக்காம கொண்டாங்க. மேஜை வில்லையும் கூட வரணும்" என்றாள். பரிமாறுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். "எதுக்குக்கா, ஜோசியம் பாக்கவா?" என்றான் ஒருவன்.

"ஆமாண்டா. மேஜையில உக்காந்துகிட்டு ஆயிரம் சொல்லுவாங்க. நல்லாருக்குன்னு சொல்லிட்டு மிச்சம் வைப்பாங்க. திரும்பி வர்ற கிளாஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஆர்டர் சீட்டுகளின் பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து ஒரு நோட்டு செய்துகொண்டாள். வைனின் பெயர், தட்டில் இருந்தது, பக்கத்தில் ஒரு வட்டம். கிளாஸ் காலியாக வந்தால் வெறும் வட்டம், பாதி வந்தால் பாதி கறுப்பு, நிரம்பி வந்தால் முழுக் கறுப்பு. பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பட்டப்பெயர் வைத்தாள். சினோமாவ்ரோ தக்காளிக்காரி. ஃப்ரப்பாத்தோ செல்லப்பொண்ணு. மிளகாய்த் தூள் போட்ட கோழிக் குழம்போடு எப்போதும் காலியாக வந்த காதர்க்கா, மிளகாய்க்காரர். பாகா மட்டும் எதோடு போனாலும் முழுக் கறுப்பாகவே வந்தது. அதற்குக் கோவக்காரன் என்று பெயர்.

செல்லப்பொண்ணின் ரகசியம் தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. ஒரு நாள் மதியம் அவசரத்தில் யாரோ ஒரு புட்டி ஃப்ரப்பாத்தோவை வெள்ளை வைன்கள் கிடந்த ஐஸ் தொட்டியில் போட்டுவிட்டார்கள். சிவப்பு வைனை ஐஸில் போடுவதா என்று கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அதையே மீன் மேஜைகளுக்கு ஊற்றினார்கள். ஆறு மேஜை. ஆறு மேஜையின் கிளாஸும் காலி. அவள் ஆறு வெறும் வட்டம் வரைந்துவிட்டு, ஏழாவதாக ஒரு சின்ன ஐஸ்கட்டியும் வரைந்து வைத்தாள்.

மூன்று மாதத்தில் நோட்டு பருத்துவிட்டது. பாகாவுக்கும் கடைசியில் ஒரு துணை கிடைத்தது. ஒன்பதாம் மேஜையிலிருந்து, சர்க்கரைப் பாகு ஊற்றிய முட்டைப் புட்டிங் தட்டோடு வந்த பாகா கிளாஸ்கள் எல்லாமே காலி. ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை. முகர்ந்து பார்த்தாள். விளிம்பில் மெல்லிய ஓர் ஏலக்காய் வாசனை. 'கோவக்காரனுக்கு இனிப்பு பிடிக்கும். ஏலக்காய் மணம் உள்ளவன்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

ஒருநாள் மாஸ்டர் தக்காளிக்காரி புட்டியின் அடியில் இருந்ததை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். "முகந்தே எத்தன நாளைக்கும்மா? ஒரு வாய் குடிச்சுத்தான் பாரேன்."

வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவரும் அவளும் தேநீர் தம்ளர்களில் ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டு, திருடப் போகிறவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முதலில் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நாக்குல முடி முளைச்ச மாதிரி இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். பிறகு எண்ணெய் மிதக்க வதக்கி வைத்திருந்த கத்தரிக்காயை அவர் வாயில் ஒரு கவளம் ஊட்டினாள். "இப்ப குடிங்க."

அவர் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தார். "ஏய். ஷேவ் பண்ணிட்டாங்க."

அதையும் நோட்டில் எழுதினாள். எழுத்துக்கு எழுத்து அப்படியே.

மறுவாரம் வியாழக்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தபோது பின்வாசலில் ஒரு வண்டி நின்றிருந்தது. வினிகர் காய்ச்சுகிறவரின் வண்டி. முதல் இரண்டு பெட்டி ஏற்கெனவே ஏறியிருந்தது. கேப்டன் இடுப்பில் கைவைத்து நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு என்ன வந்ததோ தெரியாது. பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் முதலாளி அறைக்குள் போகாதவள், ஈரக் கையோடு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

"முதலாளி, அந்தப் பெட்டியெல்லாம் குப்பை இல்ல. தப்பான தட்டோட உக்கார வச்சிட்டோம், அவ்வளவுதான்."

முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "யாரு?"

"நான்தான் முதலாளி. கிளாஸ் துடைக்கறவ."

"அது தெரியுதும்மா. யாரு உனக்கு இதச் சொன்னான்னு கேக்கறேன்."

"தட்டு சொல்லிச்சு."

நோட்டை விரித்து வைத்தாள். அவர் வட்டங்களைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'ஷேவ் பண்ணிட்டாங்க' என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார். அதற்குள் கேப்டன் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? வைன் பரிமாற வெளியிலேர்ந்து ஒரு ஆளப் பாத்து வச்சிருக்கோம். படிச்ச ஆளு. அடுத்த மாசம் வர்றாரு."

"படிச்ச ஆளு வரட்டும் கேப்டன். அவரு வர்றதுக்குள்ள பெட்டி போயிடுமே."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அந்த ஊர் உணவக முதலாளிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு மதியம் ஒருவர் கடையில் விருந்து. அடுத்த ஞாயிறு இவருடைய முறை. வருகிற பதினொரு பேரும் அடுத்தவன் சமையலில் கல் பொறுக்குவதற்கென்றே நாக்கைத் தீட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

"என்னோட சேத்து பன்னெண்டு பேரு. நாலு தட்டு, நாலு வைன். மொத்தம் நாப்பத்தெட்டு கிளாஸ். நீயே ஊத்து, நீயே நின்னு சொல்லு. உன் சட்டப்படியே பாப்போம். நாப்பது கிளாஸ் காலியா திரும்பி வந்தா, வைன் பரிமாறுற கருப்பு ஏப்ரன் உனக்கு. வரலன்னா வண்டி மறுபடி வரும். நீ பேசாம தொட்டிக்குப் போயிடணும். சம்மதமா?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பத்தொன்பது வருட வெந்நீரில் விரல் நுனிகள் வெடித்து, குளிர்நாளில் ரத்தம் கசியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, சாப்பிடுகிறவர்களின் முகம் இருக்கிறது. இத்தனை வருடமும் அவள் அவர்களுடைய மிச்சத்தை மட்டுமே பார்த்திருந்தாள்.

"சம்மதம்" என்றாள்.

மாஸ்டரோடு உட்கார்ந்து தட்டுகளைத் தீர்மானித்தாள். சுட்ட மீனுக்கு ஐஸில் வைத்த செல்லப்பொண்ணு. கோழிக் குழம்புக்கு மிளகாய்க்காரர். கத்தரிக்காய்க்குத் தக்காளிக்காரி. கடைசியில் புட்டிங், அதற்குக் கோவக்காரன்.

"இனிப்புக்கா? இந்த முரட்டுப் பயலா?" என்றார் மாஸ்டர்.

"எட்டுத் தடவை காலியா வந்திருக்கு மாஸ்டர்."

"உன் நோட்டு, உன் பாடு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. புடவைக்கு மேல் கட்டிப் பார்த்த இரவல் ஏப்ரன் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நான்கு வைனிலும் ஒவ்வொரு புட்டியைத் திறந்து மாஸ்டரும் அவளும் சரிபார்த்தார்கள். மூன்று சரியாக இருந்தன. நான்காவதாகப் பாகாவை முகர்ந்தவள் மறுபடி முகர்ந்தாள். இன்னொரு புட்டியைத் திறக்கச் சொன்னாள். அதையும் முகர்ந்தாள்.

"ஏலக்காய் எங்க?"

"எந்த ஏலக்காய்?"

"இதுல ஏலக்காய் வாசனை வரும் மாஸ்டர். எட்டுத் தடவை வந்துச்சே."

மாஸ்டர் புட்டிங்கில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, மேலே பாகாவைக் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவள் கரண்டியை வாங்கிக்கொண்டாள். அவளும் குடித்துப் பார்த்தாள். இனிப்பு பட்டதும் வைன் வேப்பங்கொட்டையாகக் கசந்து, எலுமிச்சையாகப் புளித்தது. இதையா எட்டுத் தடவை காலி செய்தார்கள்?

அப்போதுதான் கேப்டன் உள்ளே வந்தார். புதுச் சட்டை, வாரிய தலை. "காலை வணக்கம் அக்கா, எல்லாம் தயாரா?" என்று அவள் முகத்துக்கு நேரே குனிந்தார்.

ஏலக்காய்.

அவள் புட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, மிக மெதுவாக, "கேப்டன், ஒன்பதாம் மேஜை யார் பாக்கறது?" என்றாள்.

"நான்தான். ஏன்?"

"ஒன்பதாம் மேஜையிலேர்ந்து கழுவுமிடத்துக்கு வர்ற வழியில, அந்தத் திரை போட்ட மூலையில, நீங்க கொஞ்சம் நின்னு வருவீங்களோ?"

கேப்டனின் வாயில் ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போயிற்று. "அது... வீணாப் போகுதேன்னு..."

"எட்டுத் தடவையுமா?"

"எட்டுதான் உங்களுக்குத் தெரிஞ்சதா?"

மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வருகிற கிளாஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னவள். கிளாஸ் பொய் சொல்லவில்லைதான். குடித்த ஆளைத்தான் அவள் தப்பாகப் படித்துவிட்டாள். நான்காவது தட்டுக்குப் பன்னிரண்டு கிளாஸ். அது கறுப்பு வட்டமாகத் திரும்பினால் மிஞ்சுவது முப்பத்தாறு. ஆட்டம் அங்கேயே முடிந்தது.

"அந்தக் கருமத்த எப்படி கேப்டன் இனிப்புக்கு மேல குடிச்சீங்க?"

"இனிப்போட எங்க குடிச்சேன்? புட்டிங் விருந்தாளிக்கு. எனக்கு மாஸ்டர் எடுத்து வைக்கற பன்னித் துண்டு இருக்குமே. அந்தக் கொழுப்புப் பட்டை, மேல மொறுமொறுன்னு தோலோட. அதுல ஒரு கடி, இதுல ஒரு மடக்கு. சொர்க்கம் அக்கா."

அவள் நிமிர்ந்தாள். காதில் கணவரின் குரல் கேட்டது. நாக்கில் முடி முளைத்தால் கொழுப்பு வந்து மழித்துவிடும்.

"மாஸ்டர், அடுப்புல என்ன இருக்கு?"

"சாயங்கால வியாபாரத்துக்குப் பன்னி. விடிகாலையிலேர்ந்து வெந்துகிட்டிருக்கு." சொல்லிவிட்டு மாஸ்டர் அவள் கண்ணைப் பார்த்தார். "வேண்டாம். சத்தியமா வேண்டாம். விருந்து நாள் காலையில மெனுவ மாத்தச் சொல்ற மூஞ்சியப் பாரு!"

"பன்னெண்டு துண்டு மாஸ்டர். தோலோட."

"சாயங்காலம் வர்றவனுக்கு என் தோலையா உரிச்சு வைப்பேன்?"

"சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு வேகும். எனக்கு மத்தியானம் ஒண்ணுதான் இருக்கு."

மாஸ்டர் மேல்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். திட்டிக்கொண்டேதான் போனார், ஆனால் போனார். அவள் பாகா புட்டிகள் அத்தனையையும் அப்போதே திறந்து, அகலமான ஜாடிகளில் ஊற்றிக் காற்றாட வைத்தாள். கோவக்காரனைக் கொஞ்சம் ஆற விட வேண்டும், அது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதிதான். புட்டிங் வைன் இல்லாமல் கடைசியில் தனியாகப் போகும் என்று முடிவாயிற்று.

மதியம் ஒரு மணிக்குப் பதினொரு முதலாளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்து நீள மேஜை. அவர்களில் பருமனான ஒருவர் புட்டியை எடுத்து மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "என்னய்யா, கேள்விப்படாத சரக்கா இருக்கு? கடை அந்த நெலமைக்கு வந்துடுச்சா?" மேஜை முழுக்கச் சிரித்தது. முதலாளியின் காது சிவந்தது.

அவள் ஐஸிலிருந்து ஃப்ரப்பாத்தோவை எடுத்துத் துடைத்தாள். ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினாள். கிளாஸைத் தெரிந்த கை அது.

"இவ சிசிலித் தீவுப் பொண்ணு ஐயா. நாங்க செல்லப்பொண்ணுன்னு கூப்பிடுவோம். வெயில்ல அலையவிட்டா வாடிடுவா, அதான் குளிர வச்சிருக்கோம். மீனோட சண்ட போடமாட்டா. ஒரு வாய் மீன், ஒரு வாய் இவ."

"சிவப்ப ஐஸ்ல வைக்கறதா?" என்றார் பருமனானவர்.

"குடிச்சுப் பாருங்க ஐயா. பிடிக்கலன்னா அப்படியே விட்டுடுங்க. விட்டது எனக்கு வந்து சொல்லும்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீனை வாயில் போட்டார். குடித்தார். இரண்டாவது முறை குடித்தார். மேஜையில் பேச்சு குறைந்து கரண்டிச் சத்தம் கூடியது.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சிறிய திறப்பு உண்டு. முதல் ட்ரே உள்ளே போனதும் அந்தத் திறப்பில் மாஸ்டரின் இரு கைகள் மட்டும் தெரிந்தன. பத்து விரலையும் விரித்தன. பிறகு இரண்டு. பன்னிரண்டும் காலி.

கோழிக் குழம்புக்குக் காதர்க்கா. "மிளகாய் நாக்கச் சுடும்போது முரட்டு வைன் ஊத்துனா எரியற வீட்டுல எண்ண ஊத்தின மாதிரி ஐயா. இவரு மெல்லிசானவரு, காரம் தெரிஞ்சவரு." ஒருவர் குழம்பை ரொட்டியில் தொட்டபடியே கிளாஸை நீட்டி இன்னும் கேட்டார். விரல்கள் மறுபடி பத்தும் இரண்டும். கத்தரிக்காயோடு தக்காளிக்காரி போனாள். "முதல்ல வெறும் வாயில ஒரு மடக்கு குடிங்க. நாக்குல முடி முளைக்கும், பயப்படாதீங்க. அப்புறம் கத்தரிக்கா. அப்புறம் மறுபடி." பதினொரு பேரும் குழந்தைகள்போலச் சொன்னபடி செய்தார்கள். "ஆமாய்யா, போயிடுச்சு!" என்று ஒருவர் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பத்தும் இரண்டும். முப்பத்தாறு.

நான்காவது தட்டு வந்தது. தோல் பொரிந்து, கொழுப்பு பளபளக்க, பன்னி இறைச்சி. அவள் ஜாடியைச் சாய்த்துப் பாகாவை ஊற்றினாள். கறுத்த சிவப்பு.

"இவன் பேரு கோவக்காரன். போர்ச்சுகல்காரன். இவன இனிப்புக் காட்டி ஏமாத்த முடியாது, கொழுப்பு இருக்கிற எடத்துலதான் அடங்குவான்."

பின்னால் நின்ற கேப்டன் இருமினார்.

பருமனானவர் ஒரு துண்டைக் கடித்தார். தோல் நொறுங்கும் சத்தம் அந்தப் பக்கம்வரை கேட்டது. ஒரு மடக்கு குடித்தார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"யோவ்" என்றார் முதலாளியைப் பார்த்து. "இதுல எத்தன பெட்டி வச்சிருக்க?"

"ஏன்?"

"எனக்குப் பத்து பெட்டி குடு."

"எனக்கு அஞ்சு" என்றது இன்னொரு குரல். "நான் முதல்லயே கேக்கணும்னு இருந்தேன்" என்றது மூன்றாவது. மேஜையில் சந்தை கூடிவிட்டது. முதலாளி தோளை அகட்டி, மீசையைத் தடவி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சங்கத்துக்கு முன்னால் ஒரு சொல்லை ருசித்துச் சொன்னார்: "குடுக்கறதா இல்ல. எல்லாம் எங்க கடைக்கு வேணும். யாருக்கு வேணும்னாலும் எங்க வைன் அம்மாவத்தான் கேக்கணும்."

வைன் அம்மா. அவள் அதைக் கேட்டும் கேட்காததுபோல ஜாடியின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மூன்று தடவை துடைத்தாள்.

கடைசி ட்ரே உள்ளே போயிற்று. திறப்பில் மாஸ்டரின் கைகள் வந்தன. பத்து விரல். பிறகு ஒன்று. பிறகு கைகள் போய், மாஸ்டரின் தலையே வந்தது. "நாப்பத்தேழு! ஒண்ணு எங்க?"

ஒன்று முதலாளியின் கையில் இருந்தது. எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டே இருந்ததில் தன் கிளாஸை அவர் தொடவே இல்லை. நாற்பது தாண்டி எப்போதோ ஜெயித்தாயிற்று, இருந்தாலும் அவள் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைக் கவனித்தார். தட்டில் மிச்சமிருந்த கடைசித் தோல் துண்டை வாயில் போட்டு, கிளாஸை ஒரே மூச்சில் கவிழ்த்து, காலியானதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"நாப்பத்தெட்டு" என்றாள் அவள்.

முதலாளி அந்தக் கிளாஸை அவளிடம் நீட்டவில்லை. கேப்டனிடம் நீட்டினார். காலையில் நடந்தது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. "இந்தா. அவங்க இடம் இப்ப காலி. புது ஆள் வர்றவரைக்கும் நீதான் கழுவற. வாயில இருக்கறத மொதல்ல துப்பு."

அன்று சாயங்காலம் கேப்டன் இஸ்திரி போட்ட சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். அவள் வாசற்படிக்கு அந்தப் பக்கம், கருப்பு ஏப்ரனோடு, வேடிக்கை பார்த்தாள். அடியையும் கிண்ணத்தையும் பிடித்துத் திருகப் போனவரை, "தண்டப் பிடிங்க, தண்டப் பிடிங்க!" என்று பதறினாள். துடைத்து முடித்த முதல் கிளாஸை அவர் பணிவாக நீட்டினார். அவள் வாங்கி விளிம்பில் மூக்கை வைத்தாள். ஒரு கணம். இன்னொரு கணம்.

"பாஸ்" என்றாள். "ஏலக்காய் இல்ல."